கேட் போட்டிருந்த நேரம்

பன்னீர் என்றால்
கல்யாண வாசலில் தெளிப்பது என்றுதான்
வேலைக்குச் சேரும்வரை நினைத்திருந்தேன்.
சொன்னால் இஸ்ரவேல் சிரிப்பான்.
அவன் வண்டி ஓட்டுகிறவன்,
நான் வண்டிக்குக் காய்ச்சல் பார்க்கிறவள்.

மாதவரத்தில் விடியுமுன் பால் திரியும்.
எலுமிச்சை உப்பு விட்டதும்
பச்சைத் தண்ணீர் விலகிக்கொள்ள
வெள்ளையாக ஏதோ தயங்கித் தயங்கி ஒன்றுசேரும்.
துணியில் கட்டி, மேலே எஃகு எடை வைத்து
(முன்பு அம்மிக்கல். அதை மாற்ற
நான் போட்ட சண்டை தனிக்கதை)
பிறகு குளிர்தொட்டி, பிறகு கவர்,
பிறகு நோட்டில் என் கையெழுத்து:
5.40. நான்கு டிகிரி.

அன்றைக்கு ஐம்பத்தெட்டு கிலோ.
சௌகார்பேட்டை கேவல்சந்த் சேட்டுக்கு இருபது.
பழைய வண்ணாரப்பேட்டை முபாரக் பாய்க்கு எட்டு,
பிரியாணிக் கடைக்கும் சைவம் கேட்டு வருகிறார்கள்.
மிச்சம் முப்பது தண்டையார்பேட்டையில்
அங்கயற்கண்ணி கேட்டரிங்குக்கு,
யாருக்கோ மஞ்சள் நீராட்டு.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
எண்ணெய் டாங்கர்களாக ஒரு கூட்ஸ்,
எண்ணி முடிக்குமுன் எதிரே இன்னொன்று.
நடுவில், மே மாத வெயிலில்,
கம்ப்ரசர் இரண்டு முறை இருமியது.
மூன்றாவது இருமல் வரவில்லை.

ஆறு.
ஒன்பது.
பின்னால் லாரி, முன்னால் ஷேர் ஆட்டோ,
கேட் கம்பிக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்து
குனிந்து போகிறது ஒரு குடும்பம்.
பன்னீருக்குக் குனியத் தெரியாது.

"காசிமேட்ல மச்சான் கீறான்,
ரெண்டு பார் ஐஸு போட்டா ஜில்லுனு ஆயிடும்கா."
மீனுக்கு உடைக்கிற ஐஸ், இஸ்ரவேல்.
எந்தத் தண்ணி, யார் கண்டது?
சேட்டு கவரைப் பிரித்ததும்
முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார்.

முதலாளி போனில்:
"கழுவி அனுப்பும்மா. வேகப்போறதுதானே?"
வேகத்தான் போகிறது.
கிருமி செத்த பிறகும்
அது கக்கி வைத்தது சாகாமலிருக்கும் என்று
பயிற்சியில் சொன்ன அன்று
அவர் டீ குடிக்க வெளியே போயிருந்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
புதுச்சுவர் மாதிரி வெள்ளை.
வாசனையும் பால் வாசனைதான்.
கெட்டது கெட்டதாகவே தெரியுமென்றால்
எனக்கு வேலையே இல்லை.

மணி ஒன்பதே கால்.
கருவியில் பதினான்கு.
நோட்டைப் பிரித்தேன்.
முன்னால் நிற்கிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டால்
நான்கு.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை,
ஒரு சின்னக் கோடு குறையும், அவ்வளவுதான்.
பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
இல்லை, கொஞ்ச நேரம் என்பது பொய்.
ஒரு முழு கூட்ஸ் வண்டி நேரம்.

ஒன்றைப் போட்டேன். நான்கைப் போட்டேன்.

கேட் திறந்தது. எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
அதற்குப் பிறகு போன் போட்டதுதான் வேலை.
முபாரக் பாய், "காளான் போட்டுக்கறேன் விடும்மா."
சேட்டு பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.
அங்கயற்கண்ணி மட்டும் கத்திக்கொண்டே இருந்தாள்:
"மெனு கார்டு அடிச்சாச்சுடீ,
பட்டர் மசாலானு போட்டு பூ டிசைன்லாம் வச்சு!"
காதைவிட்டு எடுக்காமல் கேட்டேன்,
கேட்பதும் சப்ளையில் சேர்த்திதான்.

மாதவரம் திரும்பி
ஒவ்வொரு கவராகக் கிழித்து பினாயில் ஊற்றினோம்.
ஊற்றாமல் போட்டால்
குப்பை கொடுங்கையூர் போவதற்குள்
எவனாவது எடுத்துக் கழுவி
சாயங்காலம் தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தடவி விற்பான்.
வெள்ளை மேல் வெள்ளையாக ஓடியது.
முதலாளி வாசலில் நின்று
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.
எதைத் தட்டினாலும் அது பெரிதாகத்தான் வந்தது.

"மெய்யாலுமே கெட்டுப்போச்சாக்கா?"
இஸ்ரவேல் கேட்டான்.
தெரியாதுடா என்றேன்.

டீ வாங்கிவந்தான்.
கை முழுக்க பினாயில் நாற்றம்,
கிளாஸைப் பிடிக்கவே யோசனையாக இருந்தது.
கம்ப்ரசருக்கு பெல்ட் நாளைக்குத்தான் வருமாம்.
நாளைக்கும் பால் திரியும்.